கணக்குத் திறக்கும் முன்பே பதியும் தடம்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியோரம் பிள்ளைகளின் முகங்கள் தொங்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் வண்ணப்படம், முழுப்பெயர், பாடசாலை, எடுத்த புள்ளி, படிப்பித்த ஆசிரியரின் பெயர், அடியில் ரியூசன் நிலையத்தின் தொலைபேசி இலக்கம். பதாகை நாலு மழைக்கு நைந்துவிடும். அதே படம் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்திலும், ரியூசன் நிலையத்தின் பக்கத்திலும், லண்டனிலோ டோஹாவிலோ இருக்கும் மாமாவின் பக்கத்திலும் ஏறியிருக்கும், அது நைவதில்லை. பிள்ளைக்கு அப்போது வயது 10. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் டிக்டொக்கும் கணக்குத் தொடங்க வைத்திருக்கும் குறைந்த வயது 13. தன் கையால் ஒரு சொல்லும் எழுதுவதற்கு மூன்று வருடம் முன்பே இணையத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரலாறு எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியவர்கள் அதன்மேல் அன்புள்ள பெரியவர்கள். வளரிளம் பிள்ளைகளுக்கு இணையத் தடம் பற்றிக் கற்பிக்க வேண்டுமென்றால் பாடம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் தொடங்குவதோ வேறு இடத்தில்.

விழிப்புணர்வுக் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லப்படுவது இதுதான்: கண்டதையும் போடாதே, போட்டால் அழியாது, நாளைக்கு வேலைக்குப் போகும்போது தேடிப் பார்ப்பார்கள், உன் மானமும் குடும்ப மானமும் போய்விடும். இதில் பொய் இல்லை. 2017 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், ஒரு தனிப்பட்ட பேஸ்புக் குழுவில் அருவருப்பான கேலிப்படங்களைப் பகிர்ந்ததற்காகக் குறைந்தது 10 மாணவர்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஆனால் மட்டக்களப்பு-கல்முனை வீதியில் இருக்கும் குருக்கள்மடத்தில் எட்டாம் தரம் படிக்கும் பிள்ளைக்கு ஹார்வர்ட் எட்டாத தூரம். அதைச் சொல்லி மிரட்டினால் பிள்ளை கேட்டுவிட்டு எழுந்து போகும். அதன் உலகம் கிட்ட இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே வீதியும் வளவுகளும். படகுப் பாதையில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்கினால் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் சொந்தம் இருக்கும். 'நீ ஆர்ர புள்ள?' என்ற ஒரே கேள்வியில் மூன்று தலைமுறையும் வெளிவந்துவிடும் ஊர் இது. இங்கே ஒரு படம் ஒருவருடைய வாழ்க்கையைக் கலைக்கப் பத்தாயிரம் பேரிடம் போக வேண்டியதில்லை. கோயில் குரூப், விளையாட்டுக் கழக குரூப், வகுப்பு குரூப் மூன்றிலும் ஒரு தரம் சுற்றினால் போதும்.

பெண்பிள்ளைகளுக்கு அந்த மூன்று வருடத்துக்குள் இன்னொன்றும் வந்து சேர்கிறது: சாமத்திய வீட்டு அல்பம். ஸ்டூடியோக்காரர் தன் வேலையைக் காட்டத் தன் பக்கத்தில் ஏற்றுகிறார். தாய் பெருமையோடு பகிர்கிறாள். சின்னம்மா பெயரைக் குறித்து வாழ்த்துச் சொல்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடலைப் பற்றிய ஒரு செய்தி, முகத்தோடும் திகதியோடும், முன்பின் தெரியாதவரும் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்கிறது. சடங்கைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. முன்பும் அது ஊருக்கு அறிவித்த செய்திதான். ஆனால் அழைத்தவர் யார் வந்தவர் யார் என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தது, பந்தல் பிரித்ததோடு பேச்சும் அடங்கியது. இன்று அந்த இரண்டு எல்லையும் இல்லை, அவை போனதைக் கவனிக்க நமக்கு நேரமும் கிடைக்கவில்லை. பிள்ளையிடம் 'போடவா?' என்று கேட்கும் பழக்கம் பெரும்பாலான வீடுகளில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கேட்கப்படாமலே வளர்ந்த பிள்ளை, பிறகு தன் சிநேகிதியின் படத்தைக் கேட்காமல் அனுப்பும்போது அதில் என்ன பிழை என்று விளங்காமல் நிற்கும்.

ஒரு சாதாரணப் படத்தை எடுத்து வைத்துப் பார்ப்போம். 13 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பாடசாலை விட்டு வரும் வழியில் சிநேகிதிகளோடு எடுத்தது. சீருடையின் கழுத்துப்பட்டியிலும் சின்னத்திலும் பாடசாலை தெரிகிறது. பின்னால் ஒரு கடையின் பெயர்ப்பலகை. அதில் ஊரின் பெயர். நிழலின் நீளத்தில் ஏறத்தாழ நேரம். வாழ்த்துகளில் 'பிறந்தநாள் வாழ்த்துகள் மகள், 13 ஆச்சு' என்று பெரியப்பா எழுதிய வரி. இந்த வரி ஒன்றே நிறையச் சொல்கிறது. 2016 முதல் இலங்கையில் வழங்கப்படும் 12 இலக்கத் தேசிய அடையாள அட்டையின் முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 2012 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 2012532 என்று தொடங்கும். இன்னும் கையில் கிடைக்காத அடையாள அட்டையின் பாதிக்கு மேற்பட்ட இலக்கங்களை ஒரு வாழ்த்து வெளியிட்டுவிடுகிறது. அதற்கு மேல், போனில் இட அமைப்பு திறந்திருந்தால் படத்தின் கோப்புக்குள்ளேயே அகலாங்கும் நெட்டாங்கும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். 'தெளிவாக வரட்டும்' என்று ஆவணமாக அனுப்பினால் கூடவே போகும். இவற்றில் எதுவும் தீய நோக்கத்தோடு நடந்ததல்ல. பிள்ளைக்குக் காட்ட வேண்டியது இதைத்தான்: தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத துண்டுகள் ஒன்றுசேரும்போது வீட்டு வாசல்வரை வழிகாட்டுகின்றன, அவற்றில் பல பிள்ளை நினைத்துப் போட்டவை அல்ல.

கையறியாமல் பதிவனவும் உண்டு. ஒரு செயலியைப் போட்டவுடன் அது தொடர்புப் பட்டியலைக் கேட்கும். 'சரி' என்று தட்டினால் வீட்டார், ஆசிரியர், அயலார் எல்லாருடைய இலக்கங்களும் அந்த நிறுவனத்திடம் போகும். தட்டியது ஒரு பிள்ளை, போனது நூறு பேருடையது. நம் வீடுகளில் போன் பெரும்பாலும் ஒருவருக்கு உரியதாக இருப்பதுமில்லை. சிம் அம்மாவின் பெயரில், ஜிமெயில் கணக்கு அண்ணா தொடங்கியது, விளையாட்டு தம்பியுடையது, டிக்டொக் அக்காவுடையது. யார் எதைப் பார்த்தார், எதைத் தேடினார் என்பதெல்லாம் ஒரே கணக்கில் சேர்கிறது. 'உன் தடம்' என்று ஒருமையில் பேசும் பாடம் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. 'எங்கள் தடம்' என்று தொடங்கினால் பிள்ளைக்கு உடனே விளங்கும். அது ஏற்கெனவே வாழ்வது அப்படித்தான்.

இதே வரிசையில் உதவிக் காணொளிகளையும் சொல்லாமல் விட முடியாது. போர், சுனாமி, வெள்ளம் என்று அடுத்தடுத்து அடிபட்ட கிழக்குக்கும் வடக்குக்கும் புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பும் உதவி பெரிது. அதைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் சைக்கிளோ புத்தகப்பையோ கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தை நேராக எடுத்து, தகப்பன் இல்லை, தாய் கூலி, வீட்டில் கூரை இல்லை என்று சொல்லவைத்து யூடியூப்பில் ஏற்றும் பழக்கம் பெருகிவிட்டது. 2025 மார்ச்சில் வடக்கில் அப்படியொரு காணொளி பலத்த கண்டனத்துக்கு உள்ளாகி, எடுத்தவர் கைதுசெய்யப்பட்டார். அந்தச் சம்பவம் எல்லை மீறியதாகப் பார்க்கப்பட்டது. ஆனால் எல்லைக்குள் இருப்பதாக நாம் நினைக்கும் நூறு காணொளிகளிலும் ஒரு பிள்ளையின் வறுமை அதன் பெயரோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை படித்து நல்ல நிலைக்கு வந்தாலும் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த அழுத முகமாக இருக்கலாம். கொடுத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பற்றுச்சீட்டு, பாடசாலை அதிபரின் கடிதம், பொருளின் படம் இவை எல்லாம் கணக்குத்தான்; முகம் கணக்கில் சேராது.

இப்போது அந்த வழக்கமான பாடத்துக்குத் திரும்பலாம். 'இணையம் எதையும் மறக்காது, ஒருமுறை போனால் போனதுதான்' என்று அச்சமூட்டுவதால் பிள்ளைகள் கவனமாக இருப்பார்கள் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அச்சம் கொஞ்சம் வேலை செய்யும்தான். ஆனால் தவறு நடந்துவிட்ட பிறகு அதே வாக்கியம் யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். உலகெங்கும் பதின்ம வயதினரைக் குறிவைக்கும் படமிரட்டல் எப்படி நடக்கிறது என்பது இன்று நன்றாகத் தெரிந்த விடயம். அழகிய முகத்தோடு ஒரு போலிக் கணக்கு நட்பு கேட்கும். ஏற்றவுடன் அது முதலில் செய்வது நட்புப் பட்டியலைப் படியெடுத்து வைத்துக்கொள்வது. பிறகு பேச்சு, பிறகு வீடியோ அழைப்பு, பிறகு ஒரு படம். படம் கைக்கு வந்த அடுத்த நிமிடம் பட்டியலும் திரும்பி வரும்: இது உன் அம்மா, இது உன் மாமி, இது உன் வகுப்பாசிரியர், இத்தனை மணிக்குள் பணம் போடாவிட்டால் எல்லாருக்கும் போகும், பிறகு அழிக்கவே முடியாது. அமெரிக்க புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. இதற்கு அதிகம் ஆளாவது 14 முதல் 17 வயது ஆண்பிள்ளைகள் என்று எச்சரித்திருக்கிறது. மெட்டா நிறுவனம் 2024 ஜூலையில் நைஜீரியாவிலிருந்து இயங்கிய ஏறத்தாழ 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை இதற்காக நீக்கியது. மிரட்டுபவன் சொல்லும் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நம் கருத்தரங்கில் நாம் சொன்ன வாக்கியமேதான் அது. அழியாது, மானம் போகும், எல்லாம் முடிந்தது என்று பிள்ளை ஏற்கெனவே நம்பியிருப்பதால் அவனுக்கு வேலை பாதியாகக் குறைகிறது. பிள்ளை வீட்டில் சொல்லாது. சொன்னால் அடி, போன் பறிப்பு, படிப்பு நிறுத்தம் என்று அதற்குத் தெரியும். சொல்லாத ஒவ்வொரு மணித்தியாலமும் மிரட்டுபவனுக்கு இலாபம்.

அந்த வாக்கியம் பாதி பிழையும்கூட. பிரதிகள் பெருகும், எல்லாவற்றையும் திரும்பப் பெறுவது கடினம் என்பது உண்மை. ஆனால் எடுக்கவே முடியாது என்பது உண்மையல்ல. 2023 இல் அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான தேசிய நிலையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்குக் குறைந்தபோது எடுக்கப்பட்ட அந்தரங்கப் படத்தை எந்த நாட்டிலிருந்தும் அதில் முறையிடலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை; அது போனிலேயே இருக்க, கைரேகை போன்ற ஓர் எண்வரிசை மட்டும் உருவாக்கப்பட்டு, சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும், அவை தங்கள் தளங்களில் அதே படத்தைக் கண்டால் நீக்கும். வாட்ஸ்அப் போல மறைகுறியாக்கிய உரையாடலுக்குள் அது எட்டாது. அந்தக் குறையையும் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். உள்நாட்டில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது. இணையப் பாதுகாப்புச் சிக்கல்களுக்கு இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கம் இருக்கிறது. பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். வகுப்புத் தோழன் வேடிக்கைக்காக அனுப்பினாலும் அது குற்றமே. பணம் கொடுக்காதே, உரையாடலை அழிக்காதே, படியெடுத்து வை, உடனே ஒரு பெரியவரிடம் சொல். இந்த நாலையும் பதினைந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். நாமோ ஒரு மணித்தியாலம் மானத்தைப் பற்றிப் பேசிவிட்டு, முறையிடும் இலக்கத்தைச் சொல்லாமலே கூட்டத்தை முடித்துவிடுகிறோம்.

பொறுப்பு என்ற சொல்லின் முழுக் கனமும் விழும் இடம் இன்னொன்று: பிறர் போட்டதை நாம் மற்றவர்களுக்கு முன்னே அனுப்புவது. 2018 பெப்ரவரி இறுதியில் பக்கத்து மாவட்டமான அம்பாறையின் நகரில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் கண்ட ஒரு கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லி ஒரு கூட்டம் கடைப் பணியாளரைச் சூழ்ந்தது. சிங்களம் சரியாக விளங்காத அவர் மிரட்சியில் தலையாட்டியது போன்ற சில நொடிக் காணொளி பேஸ்புக்கில் ஏறியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கலந்து கொடுத்து மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகில் இல்லை. அரசாங்கப் பகுப்பாய்வாளரும் பிறகு அது மாவுப் பொருள் என்றே அறிக்கையிட்டார். அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின, நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வைபரும் சில நாட்கள் முடக்கப்பட்டன. 2020 இல் பேஸ்புக் நிறுவனமே தன் தளம் அந்த வன்முறையில் ஆற்றிய பங்குக்காக வருத்தம் தெரிவித்தது. நிறுவனம் வருந்தியது சரி. ஆனால் அந்தக் காணொளியைப் பகிர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தம் தடமாக இன்று நினைவில் வைத்திருப்பார்களா? அவர்கள் எதையும் 'போடவில்லை'. முன்னே தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுத்த இலக்கணத்தில் 'போடாதே' இருக்கிறது, 'தள்ளாதே' இல்லை. வடக்கே காத்தான்குடி, தெற்கே கல்முனை என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் வீதி இது. 1990 இல் முஸ்லிம்கள் கடத்திக் கொல்லப்பட்ட காயம் குருக்கள்மடத்தின் பெயரோடேயே இன்னும் ஆறாமல் கிடக்கிறது. இந்தக் கரையில் வளரும் பிள்ளையின் விரல் ஒரு காணொளியை முன்னே அனுப்புமுன் ஒரு நிமிடம் நிற்பது, வேலைவாய்ப்புக்காக நல்ல பெயரைக் காப்பதைவிட எத்தனையோ மடங்கு பெரிய விடயம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து சாதாரண தரம் முடியும்வரை போனைக் கொடுக்காமல் விடுவதுதான் என்று பெற்றோரும் ஆசிரியரும் சொல்வார்கள். வலிமையான வாதம், அரசுகளும் அந்தத் திசையில் போகின்றன. அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறு பிள்ளைகளை இந்தத் தளங்களிலிருந்து தள்ளி வைப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நம் ஊர்களில் போன் என்பது டிக்டொக் மட்டும் அன்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் பல வீடுகளில் தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்கிறாள். அம்மம்மாவின் பராமரிப்பில் வளரும் பிள்ளைக்கு இரவில் ஐமோவிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் முகம்தான் அம்மா. அந்தப் போனைப் பறிக்க யாருக்கு மனம் வரும்? 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அரசே பிள்ளையின் கையில் போனைத் திணித்தது. பயிற்சித்தாளும் பாடக்குறிப்பும் வகுப்பு குரூப்பில்தான் வந்தன, அந்தப் பழக்கம் பாடசாலை திறந்த பிறகும் நீங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, போனே இல்லாத பிள்ளையின் படத்தையும் பதாகைக்காரரும் ஸ்டூடியோக்காரரும் உதவிக் குழுவினரும் ஏற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். தடை பிள்ளையின் கையைக் கட்டும். தடத்தில் பெரும்பகுதியைப் பதிக்கும் கைகள் வேறு.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு பதில். இலங்கையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2007 இன் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று அதற்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானது. பிள்ளைகளைப் பொறுத்தவரை முக்கியமானது 2022 இன் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தரவை, நோய் விபரம் போலவும் மதம் போலவும் தனிக் கவனத்துக்குரிய வகையில் அது சேர்த்திருக்கிறது. அதைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அல்பத்தைப் பகிர்வதே பெற்றோர் என்றால் அந்தச் சம்மதம் பிள்ளையை எப்படிக் காக்கும்? பிரான்ஸ் இந்த முடிச்சைக் கண்டுகொண்டது. 2024 பெப்ரவரியில் அது நிறைவேற்றிய சட்டம், பிள்ளையின் படத்தின்மீதான உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமைகளில் ஒன்று என்றும், பிள்ளையின் வயதையும் முதிர்ச்சியையும் பொறுத்து அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தபோது, நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தன் தனித் தீர்ப்பில் பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதினார்: அறியாப் பருவத்தில் செய்த பிழைகளுக்காக வாழ்நாள் முழுவதும் அவர்கள் விலை கொடுக்கக்கூடாது என்பது அவர் கருத்தின் சாரம். பிள்ளைக்குத் திருந்த இடம் கொடுக்க வேண்டும் என்பதில் நம் வீடுகளுக்கும் மறுப்பிருக்காது. அதை நடைமுறையாக்கச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. படத்தோடு பதாகை வேண்டுமா, பெயர் மட்டும் போதுமா என்று ஓர் அதிபர் தன் பாடசாலைப் பிள்ளைகளிடம் இன்றே கேட்கலாம்.

'எங்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் போன் நன்றாகத் தெரியும், நாங்கள் எப்படிக் கற்பிப்பது?' என்று ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒரு சொல் எங்கே போய் யாரைக் குத்தும், ஒரு வதந்தி எப்படிக் கலகமாகும், வெட்கப்பட்ட பிள்ளை ஏன் வாய் திறக்காது என்பவற்றை அறிந்தவர்கள் பெரியவர்கள். பாடத்துக்கு வேண்டியது இரண்டாவது அறிவு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடவேளையிலும் குடியுரிமைக் கல்விப் பாடவேளையிலும் இதற்கு இடமிருக்கிறது. கணினி அறைகூட வேண்டாம். ஒரு தாளின் நடுவே கோடு கீறி, ஒரு பக்கம் 'என்னைப் பற்றி நான் போட்டவை', மறுபக்கம் 'என்னைப் பற்றிப் பிறர் போட்டவை' என்று எழுதச் சொன்னால் போதும். பல பிள்ளைகளுக்கு இரண்டாம் பக்கம் நீளும். அதிலிருந்து தனக்கு விருப்பமில்லாத ஒன்றைத் தெரிவுசெய்து, போட்டவரிடம் மரியாதையாகக் கேட்பது அடுத்த வேலை: 'மாமி, அந்தப் படத்த எடுத்து விடுங்க, எனக்கு அது விருப்பமில்ல.' பெரியவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கப்படாத பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி கணக்குப் பாடத்தைவிடக் கடினம். மாமிக்கு முகம் சுருங்கலாம். ஆனால் வீட்டில் இதைச் சொல்லப் பழகிய பிள்ளைக்கே, வெளியே எவனோ ஒருவன் படம் கேட்கும்போது 'முடியாது' என்ற சொல் வாயில் வரும். மூன்றாவது வேலை, அதே தாளில் தான் கேட்காமல் போட்ட பிறர் படங்களை எழுதி, அவற்றைத் தானே எடுத்துவிடுவது. பொறுப்பைப் பற்றிச் சொற்பொழிவு கேட்பதற்கும் இதைச் செய்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைக்கு அப்போது தெரியும்.

இது பலிப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: பிழை நடந்தால் சொல்வதற்கு ஓர் ஆள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து இதைத் தீர்மானமாக எடுக்கலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் இதற்கெனக் குறிக்கப்பட்டிருக்கட்டும். யார் என்பதைப் பிள்ளைகளே தெரிவுசெய்யட்டும். அவர்களிடம் போய்ச் சொல்லும் பிள்ளைக்கு முதலில் அடியும் ஏச்சும் இல்லை, போன் பறிப்பும் இல்லை என்று வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கேட்டவர் விடயத்தை மற்ற ஆசிரியர்களோடு பேசிக்கொள்ளக்கூடாது. 1929 க்கு அழைப்பதானாலும் பொலிஸுக்குப் போவதானாலும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, கூடவே போக வேண்டும். இலக்கத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது. வகுப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் கழிப்பறைச் சுவரிலும் எழுதி வைத்தால், யாரும் பார்க்காத நேரத்தில் பிள்ளை அதைப் படித்துக்கொள்ளலாம்.